1970 செவர்லே சி10: பழைய பிக்கப்புக்கு மாற்று வீல், எது ஏறும், எது உரசும்?

ஆஸ்டின்_சி10
வணக்கம். வண்டி 1970 செவர்லே சி10. குட்டைப் பெட்டி, ஃப்ளீட்சைடு (பக்கச்சுவர் நேராக வரும் பெட்டி), 2 வீல் டிரைவ். நாலு பக்கமும் டிரம் பிரேக், 6 போல்ட். இப்போது இருப்பது 15 அங்குல ஸ்டீல் வீல், 235/75 ஆர்15 டயர் (அகலம் மி.மீ., பக்கச்சுவர் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம், வீல் அங்குலம்). முன்னால் டிராப் ஸ்பிண்டில் (வண்டியைத் தாழ்த்தும் சக்கர அச்சு) போட்டு இரண்டரை அங்குலம், பின்னால் 4 அங்குலம் இறக்கலாம் என்று திட்டம்.

புது சில்வராடோவிலிருந்து கழற்றிய 20×9 அலாய் செட் ஒன்று 275/55 ஆர்20 டயரோடு விலைக்கு வருகிறது. அதுவும் 6 போல்ட், போல்ட் வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ. அப்படியே ஏறுமா? இல்லை, எல்லாரும் சொல்வது போல 5 போல்ட்டுக்கு மாறிவிடுவதுதான் சரியா?

போல்ட்டு_பாண்டி
ஏறும்ணே. உருளாது.

முதல்ல வருஷக் கணக்கைச் சொல்லிடுறேன், பின்னாடி வர்றவங்களுக்கும் ஆகும். 2 வீல் டிரைவ் அரை டன் சி10ல 1970 வரைக்கும் 6 போல்ட், 5.5 அங்குல வட்டம், அதாவது 139.7. 1971ல முன்னாடி டிஸ்க் பிரேக் ஸ்டாண்டர்டா வந்தப்ப 5 போல்ட், 5 அங்குல வட்டத்துக்கு, அதாவது 127க்கு மாத்திட்டாங்க. 4 வீல் டிரைவ் கே10 மட்டும் 6 போல்ட்டுலயே நின்னுருச்சு. முக்கால் டன் சி20ன்னா 8 போல்ட், 6.5 அங்குலம்.

ஆனா ஆர்சி புக்குல இருக்குற வருஷத்தை நம்பி வீல் வாங்காதீங்க. ஐம்பது வருஷம் கடந்த வண்டி. யாராவது நடுவுல 73–87 வண்டியோட முன்பக்கத்தைத் தூக்கி மாட்டியிருப்பான், பின் ஆக்ஸில் பழசாவே இருக்கும். முன்னாடி 5, பின்னாடி 6ன்னு ஓடுற வண்டி எத்தனையோ இருக்கு. நாலு வீலையும் கழட்டி ஸ்டட்டை (நட்டு ஏறுற போல்ட்டை) எண்ணுங்க, அப்புறம் அளங்க.

6 போல்ட்டுன்னா எதிரெதிர் ஸ்டட்டுக்கு நடுவிலிருந்து நடுவுக்கு நேரா அளந்தாப் போதும். 5 போல்ட்டுக்கு எதிர் ஸ்டட்டே கிடையாது. பக்கத்துப் பக்கத்து ஸ்டட்டை நடு-நடு அளந்து 1.7013ஆல பெருக்குங்க. 74.6 மி.மீ. வந்தா அது 5 அங்குலம். 70.9 வந்தா 4.75 அங்குலம், கமாரோ மாதிரி செவி கார் வீல். 82.1 வந்தா 5.5 அங்குலம், ஃபோர்டு பிக்கப்பு. 5க்கும் 4.75க்கும் பக்கத்து ஸ்டட் தூரத்துல நாலு மி.மீ.கூட வித்தியாசம் இல்ல. டேப்பை வச்சு அளந்தா ஏமாந்துருவீங்க, வெர்னியர் காலிப்பர் வேணும்.

கணக்குப்பிள்ளை
பாண்டி சொன்ன போல்ட் வட்டம் இதில் சுலபமான பகுதி. வீலைக் கெடுப்பது ஆஃப்செட்டும் நடுத்துளையும்தான்.

பழைய பிக்கப் உலகத்தில் ஆஃப்செட் என்று பேசமாட்டார்கள், பேக்ஸ்பேசிங் என்பார்கள். வீலைக் குப்புறப் போட்டு, உள்விளிம்பின் மேல் நேரான கட்டை வைத்து, அங்கிருந்து ஹப்பில் (வீல் ஏறும் நடுப்பாகத்தில்) உட்காரும் முகம் வரை எத்தனை அங்குலம் என்பது பேக்ஸ்பேசிங். ஆஃப்செட் என்பது அதே முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகும்போது பலரும் வழுக்குவது ஒரே இடத்தில்: 8 அங்குல வீல் என்பது டயர் உட்காரும் அகலம். விளிம்புக்கு விளிம்பு ஏறக்குறைய 9 இருக்கும். ஆகவே,

பேக்ஸ்பேசிங் = (வீல் அகலம் + 1) ÷ 2 + ஆஃப்செட்

15×8, 4 அங்குல பேக்ஸ்பேசிங் என்றால் 4.5ஐக் கழித்து ஆஃப்செட் மைனஸ் அரை அங்குலம், அதாவது −12.7 மி.மீ. 15×7, அதே 4 அங்குலம் என்றால் ஆஃப்செட் பூஜ்யம். 20×9, +24 என்றால் 5 + 0.94, கிட்டத்தட்ட 6 அங்குல பேக்ஸ்பேசிங். உங்கள் வண்டியின் முன்பக்கத்தில் 6 அங்குலத்துக்கு இடம் கிடையாது.

புது ஜிஎம் அரை டன்களின் 20 அங்குல வீல்கள் பெரும்பாலும் +24 முதல் +31 வரை வரும். போல்ட் வட்டம் அதே 139.7 என்பதால் ஸ்டட்டில் ஏறிவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் தெரிந்துவிடும்.

அளவு எடுங்கள், பிறகு பேசலாம். வண்டி சமதளத்தில், தன் எடையில் நிற்கும் உயரத்தில் இருக்க வேண்டும். வீலைக் கழற்றி, கீழ் ஆர்முக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து அந்த உயரத்துக்கே கொண்டுவாருங்கள். ஃபிரேமுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து சஸ்பென்ஷனைத் தொங்கவிட்டு எடுத்த அளவு குப்பைக்கு. டிரம்மின் முகத்தில் நேர்க்கட்டை வையுங்கள். அந்த முகத்திலிருந்து உள்பக்கம், முதலில் எதில் இடிக்குமோ அதுவரை ஓர் அளவு. வெளிப்பக்கம், ஃபெண்டர் உதடு வரை ஓர் அளவு. உள் அளவை இரண்டு உயரத்தில் எடுக்க வேண்டும்: வீல் விளிம்பு வரும் ஆரத்தில் ஒன்று, டயர் வயிறு வரும் ஆரத்தில் ஒன்று. டை ராடு (ஸ்டியரிங்கை வீலோடு இணைக்கும் கம்பி) முனையும் ஸ்டியரிங் ஆர்மும் 15 அங்குல வீலுக்கு விளிம்போரம் வரும், 20க்கு வீலின் உள்ளேயே போய்விடும். பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி அதே அளவுகள்.

டொரண்டோ_சில்லு
நடுத்துளையை மறந்திடாதேங்கோ. புது ஜிஎம் 6 போல்ட் சில்லுகளின்ர நடுத்துளை 78.1 மி.மீ. உங்கட முன் ஹப் அதுக்குள்ள போகுமா எண்டு காலிப்பர் வைச்சுத்தான் சொல்லலாம். ஹப்பை மூண்டு இடத்தில அளவுங்கோ: நுனியில, நடுவில, டிரம் முகத்தை ஒட்டின அடியில. அடி கொஞ்சம் தடிப்பா இருக்கும். நுனியை மட்டும் அளந்து வாங்கினா சில்லு முக்கால்வாசி போய் நிண்டிடும். அதைப் பாக்காமல் நட்டை இறுக்கினா சில்லு முகத்தில உக்காராமல் ஹப்பிலேயே தொங்கும். கொஞ்சத் தூரம் ஓட நட்டு இளகும், ஸ்டட் முறியும்.

5 போல்ட்டுக்கு மாறுறவைக்கும் இதே பொறி இருக்கு. ஜீப் ராங்லர் ஜேகே சில்லு 5×127 தான், மலிவாக் கிடைக்கும். ஆனா அதின்ர நடுத்துளை 71.5. சி10 5 போல்ட் முன் ஹப்புக்கு 78க்கு மேல வேணும். லேத்தில குடைஞ்சு எடுக்கலாம், ஆனா நடு மூடி பிறகு நிக்காது, குடைஞ்ச சில்லை ஒருத்தரும் திருப்பி எடுக்கவும் மாட்டினம்.

இன்னொண்டு. உப்புப் போடுற ஊர் வண்டியெண்டா ஹப்பின்ர முகத்தில துரு செதில் செதிலா ஏறியிருக்கும். வயர் பிரஷ்ஷால உலோகம் தெரியுமட்டும் தேய்ச்சிட்டு அளவுங்கோ. துருவுக்கு மேல அளந்தா ஹப் அரை மி.மீ., ஒரு மி.மீ. கூடக் காட்டும். துருவுக்கு மேல சில்லு பூட்டினா நட்டு இறுக்கம் நிக்காது.

ஆஸ்டின்_சி10
அளந்துவிட்டேன், எல்லாம் மி.மீ.
முன் டிரம் முகத்திலிருந்து உள்ளே, டயர் வயிறு உயரத்தில்: 130. திருப்பினாலும் அதற்குக் குறையவில்லை.
முகத்திலிருந்து வெளியே ஃபெண்டர் உதடு வரை: 165.
ஸ்டட் 7/16-20 (7/16 அங்குலத் தடிமன், அங்குலத்துக்கு 20 மரை), நாலு பக்கமும் 6.

கணக்குப்பிள்ளை
நல்லது. இனி ஊகம் வேண்டாம்.

அந்த அலாய் செட்: 20×9, +24, டயர் 275/55. டயரின் அகலத்தை 280 என்று வையுங்கள், பாதி 140. ஆஃப்செட் +24 என்பதால் உள்ளே 164, வெளியே 116. உங்களிடம் உள்ளே இருப்பது 130. 34 மி.மீ. இடிக்கிறது. உயரமும் பாருங்கள்: 275/55 ஆர்20 என்பது 810 மி.மீ., இப்போது இருப்பதைவிட 77 அதிகம். இறக்கப்போகிற வண்டிக்கு இது எந்தக் கணக்கிலும் வராது.

15×8, 4 அங்குல பேக்ஸ்பேசிங், டயர் 255/70 ஆர்15. 255 டயரை 8 அங்குல வீலில் ஏற்றினால் சற்று விரியும். வீல் அகலம் அரை அங்குலம் கூடினால் டயர் சுமார் 5 மி.மீ. விரியும் என்பது கைக்கணக்கு. 260 என்று வைத்தால் பாதி 130. ஆஃப்செட் −13. உள்ளே 117, வெளியே 143. மிச்சம் உள்ளே 13, வெளியே 22. இது உட்காரும்.

மிச்சம் எவ்வளவு இருக்க வேண்டும்? ஆடாத பாகத்துக்கும் டயருக்கும் இடையே 10 மி.மீ. போதும். ஃபெண்டர் உதடு போல, சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது டயர் கடந்துபோகும் இடத்தில் 20க்குக் குறைய விடாதீர்கள்.

ஒன்று மட்டும். இதெல்லாம் இன்றைய டிரம் முகத்திலிருந்து எடுத்த அளவு. முதல் பதிவில் டிராப் ஸ்பிண்டில் என்று எழுதியிருக்கிறீர்கள்.

போல்ட்டு_பாண்டி
அதைத்தான் சொல்ல வந்தேன். டிராப் ஸ்பிண்டில் பெரும்பாலும் டிஸ்க் பிரேக்குக்குன்னு செஞ்சதுதான். அதைப் போட்டா டிரம் போயிரும், ரோட்டர் (டிஸ்க் தட்டு) வந்துரும். சில டிஸ்க் கிட்டு வீல் முகத்தை ஒரு பக்கத்துக்கு 6லருந்து 15 மி.மீ. வரைக்கும் வெளிய தள்ளும். இன்னைக்கு எடுத்த 165, நாளைக்கு 155 ஆகும். அதனால வரிசை இதுதான்: முதல்ல ஸ்பிண்டில், பிரேக்கு, ஸ்ப்ரிங்கு. வண்டியை நாலு நாள் ஓட்டி ஸ்ப்ரிங்கு உக்காரட்டும். அப்புறம் அளவு. கடைசியாத்தான் வீலு. பாதிப் பேர் தலைகீழா பண்றாங்க, பளபளப்பா வீலை வாங்கி வீட்டுல வச்சுட்டு அதுக்கு ஏத்த மாதிரி வண்டியை வெட்டுறது.

இன்னொரு விஷயம். பழைய டிரம் பிரேக் வண்டியோட 15 அங்குல ஸ்டீல் வீல் சிலது டிஸ்க் காலிப்பர்ல முட்டும். வெளியிலருந்து பாத்தா 15 எல்லாம் ஒண்ணுதான், உள்வளைவு வேற. இப்ப இருக்குற ஸ்டீல் வீலையே டிஸ்க்குக்கு அப்புறமும் ஓட்டிரலாம்னு நெனச்சுராதீங்க. 14 அங்குலம் பேச்சுக்கே இடமில்ல.

5 போல்ட்டா, 6 போல்ட்டா? நான் 5ன்னுதான் சொல்வேன். டிஸ்க்குக்கு மாறும்போது 71–87 ரோட்டர் எந்தப் பாகக் கடையிலயும் கிடைக்கும், அது 5 போல்ட்டுதான். பின்னாடி 5 போல்ட் ஆக்ஸில் ஷாஃப்டும் டிரம்மும் மாத்தணும். டிஃபரன்ஷியல் கவரைக் கழட்டி, சி-கிளிப்பை (ஷாஃப்டைப் பிடிச்சிருக்குற சி வடிவ வளையத்தை) எடுத்து, ஷாஃப்டை உருவுறதுதான் வேலை. எடுத்த கையோட ஆக்ஸில் சீலையும் பேரிங்கையும் புதுசாப் போட்டுருங்க. ஷாஃப்ட் வாங்கும்போது பல்லு எண்ணிக்கையும் நீளமும் ஒத்து வருதான்னு பழைய ஷாஃப்டைப் பக்கத்துல வச்சுப் பாக்கணும்.

டொரண்டோ_சில்லு
இதில நான் பாண்டி அண்ணையோட ஒத்துப்போக மாட்டன். 6 போல்ட் ரோட்டரும் டிஸ்க் கிட்டுகளோட வருது. அதைப் போட்டா பின் ஆக்ஸிலைத் தொடவே தேவையில்லை. கே10 காரரும், 1999க்குப் பிறகு வந்த ஜிஎம் அரை டன்னும் 6×139.7 எண்டதால, சில்லு செய்யிறவை இந்த அளவைக் கைவிடேல்லை. பழைய பாணி 15×8 ஸ்டீல், 17, 18 அலாய் எல்லாம் 6 போல்ட்டில இருக்கு. ஆஃப்செட்டைப் பாத்து வாங்கினாச் சரி. 4 வீல் டிரைவுக்கெண்டு வாற சில்லுகளின்ர நடுத்துளை 108 மி.மீ. வரைக்கும் இருக்கும், உங்கட ஹப்பில தடக்கவே தடக்காது. நடு மூடிதான் பெரிசாத் தெரியும்.

போல்ட்டு_பாண்டி
சரி, 6லயே நில்லுங்க, சண்டை இல்ல. ஆனா அடாப்டர் (போல்ட் வட்டத்தை மாத்துற இடைத்தட்டு) பக்கம் போகாதீங்க.

ஆஸ்டின்_சி10
அதைத்தான் கேட்க இருந்தேன். 6லிருந்து 5க்கு அடாப்டர் 32 மி.மீ. தடிமனில் கிடைக்கிறது. ஏன் வேண்டாம்?

கணக்குப்பிள்ளை
அடாப்டரே கெட்டது என்று சொல்லமாட்டேன். தடிமனை ஆஃப்செட்டிலிருந்து கழிக்க வேண்டும், அவ்வளவுதான். +24 வீலில் 32 போட்டால் −8 ஆகிறது. அந்த 20×9க்கு 275 டயரோடு உள்ளே 132 வரும், அப்போதும் 130க்குள் அடங்காது. 20×8.5, +24, 255/45 டயர், 32 அடாப்டர் என்றால் உள்ளே 120, வெளியே 136. கணக்குப்படி அடங்கும், விளிம்பில் நின்று.

உண்மையான தொல்லை வேறு. பழைய ஸ்டட்டின் முனை அடாப்டர் முகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வீலின் பின்புறத்தில் அதற்குக் குழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீல் ஸ்டட் முனையில் உட்காரும், முகத்தில் உட்காராது. அடாப்டரைப் பிடிக்கும் நட்டுகள் வீலுக்குப் பின்னால் மறைந்துவிடும். அவற்றைத் திரும்ப இறுக்கிப் பார்க்க வீலைக் கழற்றியாக வேண்டும், யாரும் கழற்றுவதில்லை. வார்ப்பு அலுமினியத்தில் வரும் பெயர் தெரியாத அடாப்டரைத் தொடாதீர்கள். போடுவதாக இருந்தால் பில்லெட் (கட்டியிலிருந்து கடைந்த) அலுமினியமோ ஸ்டீலோ, ஹப்பின் நடுவில் பொருந்தும்படி குடைந்ததாக இருக்கட்டும்.

எஃப்100_பிரியன்
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஃபோர்டு எஃப்100க்கும் இந்தக் கணக்குதானா? 1976 வண்டி. ராம் 1500 வீல் 5 போல்ட், 139.7 என்று பார்த்தேன், அதே வட்டம்.

கணக்குப்பிள்ளை
கணக்கு அதேதான், பொறியும் அதேதான். எஃப்100ம், 1996 வரையிலான எஃப்150ம் 5×139.7, ஸ்டட் 1/2-20, ஹப்புக்குச் சுமார் 87 மி.மீ. நடுத்துளை வேண்டும். 2002 முதல் 2018 வரையிலான ராம் 1500 வீல் 5×139.7 தான், ஆனால் நடுத்துளை 77.8. போகாது. 1997க்குப் பிறகு வந்த எஃப்150 வீலையும் பார்க்காதீர்கள், போல்ட் வட்டம் 135க்கு மாறிவிட்டது.

போல்ட்டு_பாண்டி
1960கள்ல வந்த டாட்ஜ் பிக்கப்பு வச்சிருக்கவங்களுக்கும் ஒண்ணு. இடது பக்க ஸ்டட் முனையில ‘எல்’ எழுத்து அடிச்சிருந்தா அது இடது மரை. கடிகார முள் சுத்துற திசையிலதான் அவிழும். தெரியாம நாலடி பைப்பைச் சொருகி எதிர்ப்பக்கம் மிதிச்சா ஸ்டட் கையோட வந்துரும். அந்தப் பக்கத்துக்கு நட்டு வாங்கும்போதும் இடது மரைன்னு கேட்டு வாங்கணும்.

ஆஸ்டின்_சி10
நன்றி. 20ஐ விட்டுவிட்டேன். 15லேயே நிற்பதா, 17, 18க்குப் போவதா? இறக்கிய வண்டிக்குச் சின்ன டயர் நன்றாக இருக்கும் என்று 255/60 ஆர்15 போடச் சொல்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை
உங்கள் 235/75 ஆர்15 விட்டம் 733 மி.மீ., ஏறக்குறைய 29 அங்குலம். அதை ஒட்டியே நிற்கும் அளவுகள்:

255/70 ஆர்15: 738
235/65 ஆர்17: 737
255/55 ஆர்18: 738
255/45 ஆர்20: 737

இவற்றில் எதைப் போட்டாலும் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. 255/60 ஆர்15 என்பது 687. இப்போதைய டயரோடு ஒப்பிட்டால் முள் 60 மைல் காட்டும்போது நிஜத்தில் 56தான் போவீர்கள். ஓவர்டிரைவ் இல்லாத கியர்பாக்ஸில் ஹைவேயில் எஞ்சின் இன்னும் கத்தும். ஸ்பீடோ டிரிவன் கியரை மாற்றி முள்ளைச் சரிசெய்யலாம், எஞ்சின் சுழற்சியை என்ன செய்வீர்கள்?

அதைவிட எடைக் கணக்கு முக்கியம். பயணிகள் கார் வகை டயரைப் பிக்கப்பில் போட்டால், அதில் எழுதியிருக்கும் சுமையை 1.1ஆல் வகுத்துத்தான் எடுக்க வேண்டும். 255/60 ஆர்15, சுமைக் குறியீடு 102 என்றால் 850 கிலோ, வகுத்தால் 772. 255/70 ஆர்15, 108 என்றால் 1000 கிலோ, வகுத்தால் 909. பெட்டியில் சரக்கு ஏற்றுவீர்கள் என்றால் பின் ஆக்ஸிலுக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல. வண்டித் தகட்டில் உள்ள மொத்த எடையைப் பாருங்கள். வீலுக்கும் தனிச் சுமை உண்டு, பின்புறம் பொறித்திருக்கும். கார்களுக்கென்று செய்த அழகு வீல்கள் சிலவற்றில் அது பிக்கப்புக்குப் போதாது.

என் விருப்பம் 15×8. பக்கச்சுவர் உயரமான டயர் இந்தச் சஸ்பென்ஷனுக்குப் பழகியது. 18 தப்பில்லை. 20ல் 45 தொடர் டயர் போட்டால் ஒவ்வொரு குழியும் ஸ்டியரிங்கில் கேட்கும்.

டொரண்டோ_சில்லு
பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியெண்டா முன்னுக்கு 8 அங்குலத்துக்கு மேல யோசிக்காதேங்கோ. பேக்ஸ்பேசிங்கைக் குறைச்சு சில்லை வெளியில தள்ளுறதும் அப்பிடித்தான். ரயர் நடு, கிங்பின் கோட்டில (சில்லு திரும்புற அச்சில) இருந்து விலக விலக ஸ்டியரிங் பாரமாகும், பிரேக் பிடிக்கேக்க ஒரு பக்கம் இழுக்கும், வெளிப் பேரிங்குக்கும் ஆயுசு குறையும். பார்வைக்கு ஆழமான டிஷ் (உள்வாங்கின சில்லு முகம்) வேணுமெண்டா பின்னுக்கு வைச்சுக்கொள்ளுங்கோ. முன்னுக்கு வேண்டாம்.

போல்ட்டு_பாண்டி
பின்னாடி கதை தனி. செவி சி10ல பின்னாடி காயில் ஸ்ப்ரிங்கு, நீள டிரெயிலிங் ஆர்மு, ஆக்ஸிலைக் குறுக்கப் பிடிக்க ஒரு பான்ஹார்டு ராடு. கம்பெனி ராடு குட்டை. வண்டியை 4 அங்குலம் இறக்குனா ராடு சாய்வு மாறி ஆக்ஸிலையே ஒரு பக்கமாத் தள்ளிரும். ஒரு பக்கம் டயரு பெட்டி உதட்டுல உரசும், அடுத்த பக்கம் விரல் விட்டு ஆட்டலாம். இதை வீல் ஆஃப்செட் தப்புன்னு நெனச்சு ஒரு பக்கத்துக்கு மட்டும் ஸ்பேசர் போடுறவனும் உண்டு! நீளம் கூட்டிக் குறைக்குற ராடு வாங்கி, வண்டி தன் எடையில நிக்கும்போது ரெண்டு பக்கமும் ஃபிரேமுலருந்து டயர் வரைக்கும் அளந்து ஆக்ஸிலை நடுவுல கொண்டாங்க. அதுக்கப்புறம்தான் பின் வீலுக்கு அளவு எடுக்கணும்.

ஃப்ளீட்சைடு பெட்டியோட உதடு தாழ்வு. அகலமான டயரை ஆக்ஸிலுக்கு அடியில ஜாக்கி வச்சுத் தூக்குனா வெளிய எடுக்க முடியாது. ஃபிரேமைத் தூக்கி ஆக்ஸிலைத் தொங்க விட்டாத்தான் வரும். ரோட்டுல பஞ்சரானா இது தெரிஞ்சிருக்கணும். 275/60 ஆர்15 பின்னாடிக்கு நல்ல ஜோடி, விட்டம் 711, ஆனா காத்து இறங்கி நிக்குறப்ப அதை வெளிய உருவுறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும்.

சி20_சரக்கு
முக்கால் டன்காரன் ஒரு கேள்வி. 8 போல்ட், 16.5 அங்குல வீல் இருக்கிறது. டயர் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. 16 அங்குல டயரை ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

கணக்குப்பிள்ளை
கூடவே கூடாது. 16ம் 16.5ம் பக்கத்து அளவுகளாகத் தெரியும், ஆனால் டயர் பீடு (டயரின் உள்விளிம்பு) உட்காரும் சரிவே வேறு: 16க்கு 5 பாகை, 16.5க்கு 15 பாகை. 16 அங்குல டயர் 16.5 வீலில் பொருந்துவது போல ஏறும், காற்று அடிக்கும்போது பீடு கம்பி அறுந்து வெடிக்கும். ஆள் சாவு நடந்திருக்கிற விஷயம் இது. 16 அங்குல 8 போல்ட் வீலுக்கு மாறிவிடுங்கள், 8×6.5 தாராளமாகக் கிடைக்கிறது. உங்கள் வீலில் தனி வளையம் தெரிந்தால், அதாவது இரண்டு துண்டு ரிம் என்றால், வீட்டில் காற்றே அடிக்காதீர்கள். இரும்புக் கூண்டு வைத்திருக்கும் லாரி டயர் கடைக்கு எடுத்துப் போங்கள்.

ஆஸ்டின்_சி10
முடிவு: 6 போல்ட், டிஸ்க், 15×8, 4 அங்குலம். ஸ்டட், நட்டு பற்றி யாராவது சொல்லுங்கள்.

போல்ட்டு_பாண்டி
7/16 ஸ்டட் மெல்லிசு, 11 மி.மீ. புது வீல்ல துளை 14 மி.மீ. ஸ்டட்டுக்குன்னு பெருசா இருந்தா சின்ன நட்டு சரிவுல பாதிதான் பிடிக்கும். வெளிப்புறம் பருத்த 7/16 நட்டு கிடைக்கும். இல்லாட்டி 1/2-20 ஸ்டட்டுக்கு மாறுங்க. எப்படியும் டிஸ்க் கிட்டுல புது ஸ்டட் வரும், அது என்ன மரைன்னு பாத்து, பின்னாடியும் அதையே போட்டா ரெண்டு விதமா நட்டு வச்சுக்க வேண்டாம்.

பழைய முன் டிரம்முல ஸ்டட்டை அடிச்சு எடுக்கப் போறவங்களுக்கு: டிரம்மையும் ஹப்பையும் சேத்து ஸ்டட் கழுத்தை நசுக்கிப் பிடிச்சிருப்பாங்க. அந்த நசுங்கல வெட்டாம பிரஸ்ஸுல தள்ளுனா ஹப் துளை அகண்டுரும், புது ஸ்டட் சுத்திக்கிட்டே இருக்கும்.

நட்டோட உக்காரும் பக்கத்தைப் பாருங்க. ஸ்டீல் வீலுக்கும் பெரும்பாலான அலாய்க்கும் 60 பாகைக் கூம்பு. பழைய பாணி அலாய் சிலதுக்கு நேர் ஷாங்கும் (துளைக்குள்ள போற நேர்க் கழுத்தும்) தட்டையான வாஷரும். ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திப் போட்டா இறுகுன மாதிரிதான் இருக்கும், துளை தேஞ்சுக்கிட்டே வரும். கையால திருகும்போது குறைஞ்சது 8 சுத்து ஏறணும். அதுக்குக் கம்மின்னா ஸ்டட் நீளம் பத்தலைன்னு அர்த்தம்.

இறுக்கம்: 7/16க்கு 70–80 அடி-பவுண்டு, 1/2க்கு 75–85. வீல்காரன் வேற சொல்லியிருந்தா அவன் சொல்றதுதான். நட்சத்திர வரிசையில, ரெண்டு தவணையா, டார்க் ரெஞ்சுல. 50லருந்து 100 மைலுக்குள்ள இன்னொரு தடவை. ஏர் கன்னை உள்ள வச்சுருங்க.

டொரண்டோ_சில்லு
பழைய ஸ்டீல் சில்லு வாங்கிறதெண்டா பெயின்ரைச் சுரண்டிப் போட்டு ஸ்டட் துளையைச் சுத்தியும், நடுத்தட்டை ஒட்டியிருக்கிற வெல்டையும் பாருங்கோ. மயிர் மாதிரி வெடிப்பு இருந்தா இரும்புக்கடைக்குத்தான். ரிவெட் அடிச்ச சில்லெண்டா ரிவெட்டடியால காத்து போகும். சுழட்டிப் பாக்க டயல் கேஜ் வையுங்கோ: ஸ்டீலுக்கு 1.1 மி.மீ., அலாய்க்கு 0.8 மி.மீ. வரைக்கும் ஆட்டம் பொறுக்கலாம். வால்வுத் துளையும் ரெண்டு அளவு. பழசு 0.625 அங்குலம், இப்ப வாறது 0.453. சின்ன வால்வைப் பெரிய துளையில வைச்சா இருக்கிற மாதிரி இருந்திட்டு ஹைவேயில பறக்கும்.

கணக்குப்பிள்ளை
கடைசியாக, நாலையும் ஒரே தடவையில் டயர் ஏற்றச் சொல்லாதீர்கள். டயர் ஏறிய வீலைக் கடைகள் திருப்பி எடுப்பதில்லை. ஒரு வீலை வெறுமனே முன்னால் மாட்டி, மூன்று நட்டு கையால் இறுக்கி, சுற்றிப் பாருங்கள். காலிப்பருக்கும் வீல் உட்புறத்துக்கும் இடையே 3 மி.மீ.யாவது வேண்டும். ஒட்டும் பேலன்ஸ் எடை உள்ளே வரும் என்பதால் அதற்கும் இடம் பாருங்கள். ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்புங்கள். டை ராடு முனையின் கிரீஸ் நிப்பிள் விளிம்பில் தட்டுகிறதா என்று கவனியுங்கள், டிராப் ஸ்பிண்டிலில் அதுதான் முதலில் முட்டும். அதன்பின் அந்த ஒரே வீலைப் பின்னால் இரண்டு பக்கமும் மாட்டிப் பாருங்கள். முன்னால் ஒன்றுக்கு மட்டும் டயர் ஏற்றி, ஜாக்கியை இறக்கி, அதே திருப்பலை வண்டி எடையில் இன்னொரு முறை. ஃபெண்டர் உதட்டின் உள்பக்கம் மடிப்பு இருக்கும், அதில் கொஞ்சம் சாக்பீஸ் தடவி விடுங்கள். குழியில் ஏற்றி இறக்கிய பிறகு டயர் தோளில் வெள்ளைக் கோடு இருந்தால் மிச்ச மூன்றுக்கும் டயர் ஏற்றாதீர்கள்.